சூடு பண்ணி வைத்த இடம்

படுக்கை சூடாக இருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் முதலில் போர்வைக்குள் விட்டவருக்கு, எதிர்பார்த்திருந்த சில்லிப்பு அங்கே இல்லை. சூடுதான் இருந்தது. காய்ச்சல் சூடு அல்ல, வெயிலில் கிடந்த துணியின் சூடும் அல்ல. பேருந்தில் ஒருவர் எழுந்து இறங்கிப்போன கையோடு நாம் போய் உட்காருவோமே, அந்த இருக்கையில் கொஞ்சம் மிச்சமிருக்கும் பாருங்கள், அந்தச் சூடு. ஒரு காலைப் போர்வைக்குள்ளும் ஒரு காலைத் தரையிலுமாக வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். வாசல் கதவைத் தாழ் போட்டது அவர்தான். வீட்டில் அவரைத் தவிர ஆள் இல்லை. எட்டு மாதமாக இல்லை.

குனிந்து கையால் தடவிப் பார்த்தார். தலையணையில் சூடு. முதுகு படும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கால்மாட்டுக்குப் போகப் போகக் குறைந்தது. ஜன்னலை ஒட்டிய மற்ற பாதி, அவருடைய மனைவியின் பாதி, தொட்டால் கை கூசுகிற மாதிரி குளிர்ந்து கிடந்தது.

கணக்கு வாத்தியாருக்கும் குளிருக்கும் ஏழாம் பொருத்தம். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் பழுப்பு நிற ஸ்வெட்டர் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வகுப்புக்கு வகுப்பு ஏசி வைத்த பள்ளிக்கூடம் அது. பிள்ளைகளுக்குப் பதினெட்டு வேண்டும், இவருக்கு இருபத்தாறு. உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக ரிமோட்டை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொள்வார். "சார், வேகுது சார்!" என்று பின் பெஞ்ச் கத்தும். "வேகட்டும்டா. வெந்தாத்தான் கணக்கு உள்ள எறங்கும்" என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கம்பளி. அவருக்கும் அது தெரியும். கோபமெல்லாம் கிடையாது.

வீட்டில் கதை தலைகீழ். அவர் மனைவி அதே பள்ளியின் உணவுக்கூடத்தில் சமையல் செய்தவள். பகல் முழுக்க அடுப்பு முன்னால் நின்று வெந்துவிட்டு வருகிறவளுக்கு ராத்திரி ஏசி ஐஸ் மாதிரி ஓட வேண்டும். கல்யாணமான புதிதில் இந்த ஒரு விஷயத்துக்காக இருவரும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அவள் பதினெட்டில் வைப்பாள், இவர் எழுந்து ஏற்றுவார், அவள் எழுந்து இறக்குவாள், விடிந்துவிடும். கடைசியில் அவள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ரிமோட்ட எங்கிட்ட குடுத்துடுங்க. உங்க எடத்த நான் சூடு பண்ணித் தரேன்."

"என்னது?"

"நீங்க பேப்பர் திருத்தி முடிக்கிற வரைக்கும் உங்க பக்கத்துல நான் படுத்திருக்கேன். நீங்க வந்ததும் நகந்துக்கறேன். ஒப்பந்தம் சரியா?"

"நல்லா இருக்குடி உன் வியாபாரம்."

ஆனால் ஒத்துக்கொண்டார். அடுப்பின் சூட்டையெல்லாம் உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்தாளோ என்னவோ, அவள் படுத்த இடம் அப்படிக் கதகதவென்றிருக்கும். வெளி அறையில் கடைசித் தாளைத் திருத்திச் சிவப்புப் பேனாவின் மூடியை 'டக்' என்று மூடுவார். உள்ளே கட்டில் 'கிறீச்' என்று முனகும். அவள் நகர்ந்துகொண்டாள் என்று அர்த்தம். "சூடு பண்ணிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போய்ப் படுப்பார். இருபத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கரண்டியும் கையுமாக நின்ற இடத்தில் சரிந்தாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அவர் ஏசியைத் துணி போட்டு மூடிவிட்டார். ரிமோட் பீரோவுக்குள் போயிற்று. ஏசி ஓடாமலே படுக்கை குளிர்ந்தது. இரண்டு போர்வை, குல்லாய், காலுறை எல்லாம் போட்டுக்கொண்டும் விடியும்வரை கால் சூடேறாமல் கிடந்தார்.

அப்படிப்பட்டவருக்கு இன்றைக்கு இந்தச் சூடு. பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ அழுகை. மெல்ல உள்ளே நகர்ந்து, முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினார். அவளுடைய வாசனை ஏதாவது இருக்கிறதா என்று மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. பரவாயில்லை. அந்தச் சூடு போதும் அவருக்கு. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அசந்து தூங்கினார்.

மறுநாளும் சூடு இருந்தது. அதற்கு மறுநாள் வெளி அறையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மெதுவாகத் திருத்தினார். அவளுக்கு நேரம் வேண்டுமே. ஒரே தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவை மூடினார்.

டக்.

உள்ளே, கட்டில் முனகியது.

"சூடு பண்ணிட்டியா?" என்றார். பதில் வரவில்லை. ஆனால் இடம் சூடாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க மனிதர் தரையில் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸுக்குள் நுழையும்போதே செருப்பைச் சத்தமாகக் கழற்றுவார், தான் வந்தது தெரியட்டும் என்று. இன்றைக்கு எந்தப் பையன் எப்படித் தப்பாகப் போட்டான் என்று படுக்கையறையைப் பார்த்துச் சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் அவருக்குச் சுருக்கென்று பட்டது. அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். நாம் என்ன செய்தோம்? பீரோவைத் திறந்து ரிமோட்டைத் தேடி எடுத்தார். புது பாட்டரி போட்டார். ஏசி மேலிருந்த துணியை உதறி எடுத்தார். ரிமோட்டைக் கொண்டுபோய் அவளுடைய தலையணை மேல் வைத்தார்.

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். இந்தா, பிடி."

விளக்கை அணைத்துப் படுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இருட்டில், அவர் தலைக்கு மேலே, 'பீப்' என்றது. ஏசியின் வாய் மெல்லத் திறந்து, காற்று இறங்கியது. அவர் இரண்டு போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "அடிப்பாவி, பதினெட்டுலயா வெச்ச?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

காலையில் பள்ளி வாசலில் வாட்ச்மேன் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி மெஷினை நெற்றிக்கு நேரே பிடித்தார். நோய் பரவிய காலத்தில் ஆரம்பித்த பழக்கம். ஊரே விட்ட பிறகும் இந்தப் பள்ளிக்கூடம் விடவில்லை. குவார்ட்டர்ஸிலிருந்து வந்தாலும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

"சார், முப்பத்தி நாலு காட்டுது."

"உன் மெஷினுக்கு வயசாயிடுச்சுப்பா."

"இப்பதானே சார் அந்தப் புள்ளைக்கு சரியா காட்டுச்சு?" வாட்ச்மேன் மெஷினைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அவரை உள்ளே விட்டார்.

அன்று வகுப்பில் ஒரு அதிசயம் நடந்தது. இரண்டாவது கணக்கின் நடுவில் கம்பளி தன் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "யாருப்பா ஏசிய ஏத்தி வெச்சது? புழுங்குது. கொறைங்க" என்றார். அப்புறம் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் குதூகலம் நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. முதலில் முன் பெஞ்ச் பிள்ளைகள் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்கள். பிறகு புத்தகப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டார்கள். கடைசியில் பின் பெஞ்சே வழிக்கு வந்தது. "சார், இருபத்தாறு வைங்க சார். ப்ளீஸ் சார்." அவர் ரிமோட்டைப் பார்த்தார். பதினாறில் இருந்தது. அதற்குக் கீழே எண்ணே கிடையாது. "இதுக்கே நடுங்கறீங்களா? கம்பளிங்களா!" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்ச் பெண் ஒருத்தி பரீட்சைத் தாளை வாங்க வந்தவள், அவர் விரல் பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். போய் உட்கார்ந்த பிறகும் அந்த விரல்களைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ராத்திரி மகள் தொலைபேசியில் பேசினாள். மலைப்பக்கத்து ஊரில் அவளுக்கு வேலை. தனி ஆள்.

"அப்பா, லீவுக்கு வரீங்கல்ல? டிக்கெட் போடவா?"

"அங்க ரொம்பக் குளிருமேம்மா."

"குளிரத்தான் செய்யுது. நானும் உங்க பொண்ணுதானே, எனக்கும் ஒத்துக்கல. ராத்திரி கால் வெறச்சுப் போகுது. நீங்க வந்தா பேச்சுத்துணையாவது இருக்கும்பா." கொஞ்சம் நிறுத்தி, "அங்க தனியா என்ன பண்றீங்க?" என்றாள்.

தனியா இல்லம்மா என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. "இந்த லீவு வேணாம்மா. வேலை இருக்கு" என்றார். மகள் சரி என்றாள். அந்த 'சரி' அவருக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறாள். போனைக் கீழே வைத்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுடவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கையும் சுடவில்லை.

விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். வாட்ச்மேன் மெஷினைப் பிடித்தார். பார்த்தார். மறுபடி பிடித்தார். பின்னாலிருந்த மதில் சுவருக்கு நேரே பிடித்து ஒரு தடவை பார்த்தார். வாட்ச்மேன் முகத்தில் எப்போதும் இருக்கும் கிண்டல் இல்லை.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சார். சுவத்துக்கு வர நம்பர்தான் சார் உங்களுக்கும் வருது." பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டர்கிட்ட காட்டுங்க சார்" என்றார்.

அரை நாளில் பள்ளி விட்டுவிட்டார்கள். மத்தியான வெயிலில் குவார்ட்டர்ஸுக்கு நடந்தார். செருப்பைச் சத்தமாகக் கழற்ற வேண்டும் என்று ஏனோ தோன்றவில்லை. சத்தமில்லாமல் படுக்கையறை வாசலில் வந்து நின்றார்.

இத்தனை நாளும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில்தான் அந்தப் படுக்கைக்குள் போயிருக்கிறார். சூட்டைத் தொட்டிருக்கிறார். கண்ணால் பார்த்ததில்லை. காலையில் அவர் கையாலேயே சுருக்கமில்லாமல் இழுத்து விரித்துவிட்டுப் போன விரிப்பு அது. இப்போது அதில் ஒரு பள்ளம் இருந்தது. அவருடைய பக்கத்தில். தலையணையில் தலை அழுந்திய குழி. தோள். இடுப்பு.

அவள் மல்லாந்து படுக்கிறவள். பலகை மாதிரி நேராக, அசையாமல். அதைச் சொல்லி அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார்.

இந்தப் பள்ளம் மல்லாந்து படுத்ததல்ல. ஒருக்களித்துப் படுத்தது. வலது காலை நீட்டி, இடது முழங்காலை மடக்கி முன்னால் போட்டு, கன்னத்துக்கு அடியில் ஒரு கை வைத்து. பழைய அடி ஒன்றினால் முழங்காலை நீட்டினால் வலிக்கும் ஒருவர் படுக்கிற விதம்.

அவர் படுக்கிற விதம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடக்கிய முழங்காலின் குழி கொஞ்சம் நகர்ந்தது. கட்டில் முனகியது.

கத்த வாயைத் திறந்தார். வாயிலிருந்து ஆவி வரவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தார். அறை அந்தக் குளிர் குளிர்ந்திருக்க, ஆவி தலையணைக்கு மேலிருந்து வந்தது. மெல்ல. சீராக. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

ரிமோட் அவள் தலையணை மேல் இருந்தது. எட்டி எடுத்தார். பதினொன்று. பதினாறுக்குக் கீழே எண்ணே கிடையாதே! ஏற்றும் பொத்தானை அழுத்தினார். பத்து. இன்னொரு பொத்தான். ஒன்பது. தூக்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். ஏசியின் வாய் மூடிக்கொண்டது. மின்விசிறி நின்றது. வீடு அமைதியானது.

குளிர் நிற்கவில்லை. கையைச் சுவரில் வைத்தார். சுவர் சுட்டது. மேஜையில் வைத்தார். அதுவும் சுட்டது. அப்போதுதான் புரிந்தது. குளிர் ஏசியிலிருந்து வரவில்லை. அவரிடமிருந்து வந்துகொண்டிருந்தது.

மகளைக் கூப்பிட்டார். விரல் வளைய மறுத்தது.

"அம்மாடி, நான் வரேன். இன்னைக்கே வரேன். டிக்கெட் போடு."

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு?" மகள் சிரித்தாள். "அதான் காலையிலயே போட்டாச்சே. நீங்கதானே போன் பண்ணிக் கேட்டீங்க, நாளைக்குக் காலை வண்டிக்கு?"

"நானா?"

"ஆமா. என் கால் வெறச்சுப் போகுதுன்னு சொன்னேன்ல, அதுக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்களே. எனக்கு அழுகையே வந்துடுச்சுப்பா."

"என்ன... என்ன சொன்னேன்?"

போன் அணைந்துவிட்டது. குளிரில் பாட்டரி செத்துவிட்டது.

வாசலுக்கு ஓடினார். கதவைத் திறந்தார். வெளியே மத்தியான வெயில். வாழ்நாள் முழுக்க அவர் ஆசைப்பட்ட வெயில். அது அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி அவர் முகத்தில் அறைந்தது. இரண்டடி வைத்தார். தோல் எரிந்தது. கண் எரிந்தது. தூரத்தில் வாட்ச்மேன் நிழலில் உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டார். குரல் எழும்பவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் உருகிவிடுவோம் என்று தோன்றியது. தவழ்ந்துதான் உள்ளே வந்தார்.

வீடெங்கும் சூடு. தரை சூடு. நாற்காலி சூடு. உடம்பு தாங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜன்னலை ஒட்டிய பாதி. அவள் பக்கம்.

ஏறிப் படுத்தார். வேறு வழி தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் மெத்தை மெல்ல அழுந்தியது. பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு.

"ஏய்," என்று வாய்க்குள் கூப்பிட்டார், மனைவியை. "நீதானே? நீதான்னு சொல்லுடி."

பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம். முப்பது வருஷம் வகுப்பில் செருமிய செருமல்.

"சூடு பண்ணிட்டியா?" என்றது. அவர் குரல்.

அதற்கப்புறம் அவரால் கையைக்கூட அசைக்க முடியவில்லை. வெளிச்சம் மங்கியது, இருட்டியது, மறுபடி வெளுத்தது. கண் மட்டும் திறந்தே இருந்தது. பின்னால் எழுந்திருக்கும் சத்தம். முழங்கால் சொடுக்கும் சத்தம். கொக்கியிலிருந்து ஸ்வெட்டரை எடுக்கும் சத்தம். சமையலறையில் டீயை ஊதி ஊதிக் குடிக்கும் சத்தம். விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட ஒரு கை வந்தது. அவர் மேலேயே, அவர் அங்கே இல்லாத மாதிரி, வழவழவென்று இழுத்துவிட்டுப் போனது. பெட்டி. சாவி. கதவு.

ஜன்னலுக்கு வெளியே பழுப்பு ஸ்வெட்டர் போட்ட முதுகு ஒன்று பெட்டியோடு பள்ளி வாசலை நோக்கி நடந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து.

பீப்.

"அப்பாடா! முப்பத்தாறரை. இன்னைக்குத்தான் சார் மனுஷனா இருக்கீங்க." வாட்ச்மேனின் சிரிப்பு காலை நிசப்தத்தில் தெளிவாகக் கேட்டது. "பொண்ணு வீட்டுக்கா சார்?"

"ஆமாப்பா. பாவம், அவளுக்கும் என்ன மாதிரியே குளிர் ஒத்துக்காது. போய் எடத்தச் சூடு பண்ணிக் குடுக்கணும்."

கட்டிலில் கிடந்த அவர் கத்தினார். உடம்பிலிருந்த அத்தனையையும் திரட்டி, கண்ணாடிக்கு நேரே வாயைத் திறந்து, மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். வாட்ச்மேன் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசல் கதவு சாத்தப்பட்டது. விரியத் திறந்த அவருடைய வாய்க்கு முன்னால், அந்தக் கண்ணாடியில், ஒரு பொட்டு ஆவிகூடப் படியவில்லை.